கடைசிக்கு விட்ட பக்கம்

சனிக்கிழமை வகுப்பை இனி எடுக்கப்போகிற உங்கள் மூன்று பேரிடமும் மண்டபத்துச் சாவியைக் கொடுத்தாயிற்று. தேநீர்க் கேத்தலின் ஆளியை இரண்டாம் தரம் அழுத்தினால்தான் சூடாகும் என்பதைச் சொன்னேன். வெண்பலகைக்குக் கீழே கிடக்கிற பச்சைப் பேனை எழுதாது, ஆனால் அதை எறிய யாருக்கும் மனம் வராது என்பதையும் சொன்னேன். இருபது வருடத்து வேலையில் கையளிக்கக்கூடியது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் ஒன்றைச் சொல்லாமல் விட்டது உறுத்தத் தொடங்கியது. நேரில் சொல்லியிருந்தால் அதைப் பகிடியாக்கித் தப்பியிருப்பேன். எழுத்தில் அந்த வசதி குறைவு. ஆகவே எழுதுகிறேன்.

எப்படிப் படிப்பிப்பது என்று இதில் ஒன்றும் இல்லை. அதற்குக் கையேடுகள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், ஒரு வகுப்பையும் எடுக்காதவர்கள். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது என்பதைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நான் விட்ட பிழையை ஒரு பெண் சுமந்தார்.

முதலில் என் வியாதியின் மூலம். எண்பத்துமூன்று முடிகிற நேரம் நான் மெல்பேர்ணுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் சரித்திர வாத்தியார். இங்கே ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில், உடைந்ததைப் பொறுக்குகிற பிரிவு. சாம்ராச்சியங்களின் வீழ்ச்சியைப் படிப்பித்தவனுக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. இரண்டிலும் துண்டுகளைத்தான் பொறுக்குகிறோம்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது ஒரு நேர்காணல் இருந்தது. நான் மூன்று மாதம் நூலகத்தில் குந்தியிருந்து படித்தேன். ஆறு பிரித்தானியக் கொலனிகள். ஒவ்வொன்றுக்கும் தனி அரசாங்கம், தனிச் சுங்கவரி. தண்டவாளம்கூட ஒரே அகலமில்லை. சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு வருகிறவன் எல்லையில் இறங்கி, பெட்டியைத் திறந்து சுங்க அதிகாரிக்குக் காட்டி, வேறு ரயில் ஏறவேண்டும். இவர்கள் பத்து வருடமாக மாநாடு கூடி, விருந்து சாப்பிட்டு, சண்டை பிடித்து, பிறகு மக்களிடம் வாக்குக் கேட்டு, 1901 ஜனவரி முதலாம் திகதி ஒரே நாடாகச் சேர்ந்தார்கள். பிரித்தானிய முடிக்குக் கீழே, ஆனால் தன் வீட்டைத் தானே ஆளுகிற நாடு. தலைநகர் சிட்னியா மெல்பேர்ணா என்ற வழக்குத் தீராமல், இடையில் ஆடு மேய்ந்த இடத்தில் புதிதாக ஒரு நகரத்தையே கட்டினார்கள். இவ்வளவையும் மனனம் பண்ணிக்கொண்டு போனேன்.

அதிகாரி ஒரேயொரு கேள்வி கேட்டார். குடிமகனுக்குரிய பொறுப்புகள் என்னவென்று உனக்குத் தெரியுமா? தெரியும் என்றேன். கையெழுத்து வைக்கச் சொன்னார். கொலனிகள் சேர்ந்த கதையை நான் தொடங்கினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இருபது வருடம், யாரும் கேட்காத ஒரு விடையைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பிஸ்கற்றை விட்டு, நோபல் பார்க் மண்டபத்தில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கினேன். பால் வாங்குவது, டொக்டருக்குப் போன் எடுப்பது, வீட்டுக்காரனுக்குக் கடிதம் எழுதுவது. ஆறு கொலனிகளை ஒருவரும் கேட்கவில்லை. இந்த நிலையில்தான் 2007 முடிகிற நேரம் அரசாங்கம் குடியுரிமைக்குக் கணினிப் பரீட்சை ஒன்றை வைத்தது. அதற்கு ஒரு கைநூல். கைநூலில் பக்கம் பக்கமாகச் சரித்திரம். எங்கள் ஆட்கள் எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். உள்ளுக்குள் பொங்கல் பொங்கியது.

பரீட்சையின் விதி இதுதான். இருபது கேள்வி, பன்னிரண்டு சரியென்றால் போதும். ஆனால் இருபதில் மூன்று கட்டாயக் கேள்விகள், குடிமகனின் உரிமையும் பொறுப்பும் பற்றியவை. மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்று பிழைத்தால் தோல்வி. பொறுப்புகளுக்கு நான் பிரதியெடுத்து வைத்திருந்தது ஒரே ஒரு பக்கம். பத்து நிமிட வேலை. பத்து நிமிட வேலை என்பதால் அதை எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்று நினைத்தேன். கடைசிச் சனிக்கிழமைக்கு வைத்தேன்.

2008 பெப்ரவரியில் தொடங்கிய வகுப்பில் பதினொரு பேர். ஆறு சனிக்கிழமைகள். அதில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவர் கந்தையா அங்கிள். ஊரில் தபாலதிபராக இருந்தவர், எழுபத்துநாலு வயது. அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரீட்சை இல்லை. அந்த வகுப்பில் வரத் தேவையில்லாத ஒரே ஆள் அவர்தான். ஒரு நாளும் வராமல் விட்டதில்லை. முன்வரிசைக் கதிரையில் கால் நீட்டி இருந்து, தேநீரும் விவாதமும் முடிந்த பிறகுதான் எழும்புவார்.

மற்றவர் திலகவதி. ஐம்பது வயது இருக்கும். முதியோர் இல்லம் ஒன்றின் சலவையறையில் வேலை. காலை முறை முடித்து யூனிபோர்மோடேயே வந்து கடைசி வரிசையில் இருப்பார். வாய் திறக்கமாட்டார். முதல் நாள் எல்லோரும் போன பிறகு மேசையடிக்கு வந்தார்.

“சேர், இந்தப் பரீட்சை பிழைச்சா என்ன செய்வாங்கள்?”

“ஒண்டும் செய்யமாட்டாங்கள். திரும்ப எழுதலாம். எத்தனை தரமெண்டாலும் எழுதலாம்.”

“அப்ப நாள் போகும்.”

“கொஞ்சம் போகும்.”

கைப்பையிலிருந்து ஒரு பயணப் பத்திரத்தை எடுத்து விரித்துக் காட்டினார். அகதியாக வந்தவர்களுக்கு இங்கே கொடுக்கிற பத்திரம். எல்லா நாட்டுக்கும் செல்லும், ஸ்ரீலங்கா தவிர என்று அடித்திருந்தது.

“உலகத்தில எல்லா இடமும் போகலாம் சேர். அண்ணை இருக்கிற இடத்தைத் தவிர.”

தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அந்த அண்ணன். வடக்கு ரயில் பாதையில் சிக்னல் வேலை பார்த்தவர். இப்போது கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் இருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார். ஆறேழு மாதம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு கையில் வந்தால் கொழும்புக்குப் பறக்கலாம். அதற்குக் குடியுரிமை வேண்டும். அதற்குப் பரீட்சை வேண்டும். அதற்கு நான் வேண்டும்.

“பயப்பிடாதேங்கோ. உங்களை நான் தேற வைக்கிறன்” என்றேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தேழு. இப்படி வாக்குக் கொடுக்கிற பழக்கம் இன்னும் நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வெண்பலகையில் ‘ஃபெடரேஷன்’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் தமிழில் ‘சமஷ்டி’ என்று எழுதினேன். இலங்கைத் தமிழர்கள் இருக்கிற ஒரு அறையில் அந்தச் சொல்லை எழுதுவது என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை. எங்கள் தகப்பன்மார் கேட்டு, கிடைக்காமல், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடந்த சொல் அது. கந்தையா அங்கிள்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“மாஸ்டர், உது எங்களுக்குத் தெரிஞ்ச சாமான்தானே. கேட்டுக் கேட்டு வாய் நொந்த சாமான். இவங்கள் எப்பிடி எடுத்தவங்கள்?”

“கதைச்சு எடுத்தவங்கள்.”

“கதிரையில இருந்தோ?”

“ஓம். கதிரையில இருந்துதான்.”

“ஒரு கல்லெறிகூட இல்லாமல்?”

“ஆறும் சேரேக்குள்ள இல்லை. அதுக்கு முதல் நூறு வருசமா இந்த மண்ணின்ர சொந்தக்காரர் செத்தவை. அவையை ஒருத்தரும் மாநாட்டுக்குக் கூப்பிடேல்லை. சனத்தொகையில எண்ணவேண்டாம் எண்டும் சட்டத்தில எழுதி வைச்சவங்கள்.”

“அப்ப சரி” என்றார் கந்தையா அங்கிள். “கணக்குச் சரியா வருது.”

அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை என்று சொன்னால் அது பொய். முழுக்க என் கையில்தான் இருந்தது, நான் விடவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒதுக்கிய சமஷ்டி இரண்டு சனிக்கிழமையாயிற்று, பிறகு நாலாயிற்று. நியூசிலாந்து ஏன் வந்து பார்த்துவிட்டுப் போனது, சின்னக் கொலனிகளுக்குச் செனற்றில் ஏன் சம இடம், பெரியது சின்னதை விழுங்காமலிருக்க என்ன செய்தார்கள். இவை எல்லாம் எங்கள் ஆட்களுக்கு வேறு நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. தங்களுக்கு வராமல் போன பார்சலைப் பக்கத்து வீட்டுக்காரன் திறப்பதை வேலிக்கு மேலால் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முப்பது வருடத்துக்கு முந்திய என் வகுப்பறை திரும்பி வந்திருந்தது.

நாலாம் வாரம், புதிய நாட்டின் முதல் பாராளுமன்றம் செய்த முதல் வேலைகளில் ஒன்றைச் சொன்னேன். வெள்ளையர் அல்லாதவர் உள்ளே வராமலிருக்க ஒரு சொல்வதெழுதல் பரீட்சை. துறைமுகத்தில் அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஒரு பந்தி வாசிப்பார், வந்தவன் எழுதவேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேறொன்று வாசிக்கலாம். தோற்கடிப்பதற்காகவே செய்த பரீட்சை. இதை நான் நடித்தே காட்டினேன். வகுப்பு சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றது.

அன்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் நடையில் என்னை மறித்தார். மலேசியத் தமிழர், கணக்கியல் படிக்க மாணவியாக வந்து இங்கேயே தங்கியவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் அவரிடமிருந்து வந்தது. பெயரைப் போட்டால் என் வகுப்பை நிறுத்தாமல் விட்டதற்கு இன்றும் தன்னையே திட்டிக்கொள்வார், ஆகவே போடவில்லை.

“அண்ணே, பாடம் நடத்துறீங்களா, இல்ல பழி தீக்கிறீங்களா?”

“சரித்திரம்” என்றேன்.

“நல்லாதான் இருக்கு. நானே கதவுகிட்ட நின்னு கேட்டேன். ஆனா பேசுறவங்கள பாத்தே நடத்துறீங்க. பேசாம உக்காந்திருக்காங்கல்ல, அவங்க மூஞ்சிய பாருங்க. அவங்கதான் எக்ஸாமுக்கு போறவங்க. அந்தப் பொறுப்பு பக்கம் எப்போ?”

“கடைசிக் கிழமை. அது பத்து நிமிசம்.”

“பத்து நிமிஷம்னா மொதல்லயே முடிச்சிருக்கலாமே.”

பந்தியில் யாரும் கசாயத்தை முதலில் வைப்பதில்லை என்று ஏதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. நம்புங்கள், பொறுப்புகள் பக்கத்தைப் பதினொரு பிரதி எடுத்து, கையில் பிடித்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன். கொடுக்க ஆயத்தமான நேரம் கந்தையா அங்கிள் விரலை உயர்த்தினார்.

“மாஸ்டர், ஒரு சின்னக் கேள்வி.”

அவருடைய சின்னக் கேள்விகள் ஒரு கண்டத்தின் அளவு இருக்கும். இது உண்மையிலேயே கண்டத்தின் அளவுதான்.

“மேற்கு அவுஸ்திரேலியா கடைசியாத்தான் சேர்ந்தது எண்டு சொன்னனீங்கள். ரயில் விடுறம் எண்டு ஆசை காட்டித்தானே சேர்த்தவங்கள்? பிறகு விட்டவங்களோ?”

பிறகு சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கடைசி வரிசையில் திலகவதி தலையை நிமிர்த்தினார். ஆறு கிழமையில் முதல் தடவை வாய் திறந்தார்.

“என்ன ரயில் சேர்?”

பேசாதவர்களின் முகத்தைப் பார் என்று சொல்லப்பட்டவன் நான். பார்த்தேன். அந்த முகத்தில் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. எனக்கு அதற்குமேல் என்ன அனுமதி வேண்டும்? பிரதிகளை மேசையில் வைத்தேன்.

பலகையில் கண்டத்தைக் கீறினேன். கிழக்கே ஐந்து கொலனிகள், மேற்கே ஒன்று, நடுவில் பாலைவனம். ஒரு நாடாகச் சேர்ந்தால் குறுக்கே ரயில் போடுவோம் என்றார்கள். எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சு. மேற்கு சேர்ந்தது. ரயில் பதினாறு வருடம் கழித்து வந்தது.

“எழுத்தில இல்லாமலோ?” என்றார் கந்தையா அங்கிள். “எங்கட நாட்டில கையெழுத்து வைச்ச ஒப்பந்தத்தையே கிழிச்சவங்கள்.”

திலகவதி நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தண்டவாளம் என்ன அகலம், தண்ணியில்லாத இடத்தில் நீராவி இயந்திரம் எப்படி ஓடியது, சிலிப்பர் கட்டைக்கு மரம் எங்கிருந்து வந்தது. எங்கள் வடக்குப் பாதையின் கட்டைகளையும் தண்டவாளத்தையும் போரில் பங்கர் என்கிற பதுங்குகுழிகளுக்குக் கழற்றிக்கொண்டு போன கதையை அவரே வகுப்புக்குச் சொன்னார். நல்ல கதைசொல்லி. இப்படி ஒருவர் ஆறு கிழமை பேசாமல் இருந்திருக்கிறார்.

பிறகு, நிறுத்தத் தெரியாதவன் என்பதால், இன்னொன்றையும் சொன்னேன். 1933இல் அதே மேற்கு, போதும், பிரிந்துபோகிறோம் என்று வாக்களித்தது. மூன்றில் இரண்டு பங்கு பேர். மனுவைக் கொண்டு லண்டனுக்குப் போனார்கள். லண்டன் அதை எடுக்க மறுத்தது. திரும்பி வந்தார்கள்.

“திரும்பி வந்து?” என்றார் கந்தையா அங்கிள்.

“வேலைக்குப் போனவங்கள்.”

அந்த மாதங்களில் எங்கள் வீடுகளில் வானொலி எந்த நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. போர் நடந்த வன்னியிலிருந்து வருகிற ஒவ்வொரு செய்தியும் முந்தியதைவிடக் கெட்டதாக இருந்தது. கந்தையா அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது மண்டபத்தின் அடுத்த குத்தகைக்காரரான கராத்தே ஆசிரியர் கதவைத் தட்டினார்.

எல்லோரும் எழும்பி வெளியேறும்போது வாசலில் நின்று பிரதிகளைக் கையில் திணித்தேன். “இதை வீட்டில வாசிச்சுப்போட்டுப் போங்கோ. லேசு.” திலகவதி அதை நாலாக மடித்து யூனிபோர்ம் பொக்கற்றில் வைத்தார்.

“போட்டு வாறன் சேர். நல்ல வகுப்பு.”

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை டன்டனோங் ரயில் நிலையத்திலிருந்து போன் எடுத்தார். பின்னால் அறிவிப்புக் குரல் கேட்டது.

“சேர், பிழைச்சுப்போச்சு.”

“எத்தனை சரி?”

“பதினெட்டு.”

எனக்கு விளங்கிவிட்டது. எது பிழைத்தது என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

“சரித்திரம் எல்லாம் சரி சேர். எல்லாம் நீங்கள் சொன்னதுதான் வந்தது. பொறுப்புப் பகுதியிலதான் ஒண்டு. நாட்டுக்கு ஆபத்து வந்தா அதைக் காக்கப் போறது குடிமகன்ர பொறுப்பு எண்ட மாதிரி ஒரு விடை இருந்தது. அது பிழையான விடையாத்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன். ஒரு அரசாங்கம் அப்பிடிக் கேக்குமோ? சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் தாங்கோ எண்டு கேட்டு வந்த இடத்தில இருந்தெல்லோ நான் ஓடி வந்தனான்.”

“நான் தந்த பேப்பரை வாசிக்கேல்லையோ?”

“வாசிச்சனான் சேர். இங்கிலிசில வாசிச்சது. சொல் விளங்கினது. அதைத்தான் கேப்பாங்கள் எண்டு விளங்கேல்ல. ட்ரெயின் வருது சேர், வைக்கிறன்.”

அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன நினைத்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். இந்த நாடு தன் முதல் பரீட்சையை எங்களைப்போன்றவர்களைத் தோற்கடிக்க வைத்தது என்று நடித்துக் காட்டியவன் நான். அந்தப் பரீட்சையில் ஆட்களை விழுத்துவதற்கு ஒரு அதிகாரியும், தெரியாத ஒரு மொழியும் தேவைப்பட்டன. திலகவதியை விழுத்துவதற்கு அவருடைய மொழியில் நான் சொன்ன கதைகளே போதுமாக இருந்தன. நான் ஒருவனே போதுமாக இருந்தேன்.

ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உடனே போனை எடுத்து, கிட்டிய நாளில் பரீட்சைக்கு இடம் உண்டா என்று அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். மே கடைசிக்கு முன் ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டு, “அவங்க வீட்டுக்கு போங்க அண்ணே. அந்தப் பக்கத்த மட்டும் நடத்துங்க. ரயில் வேண்டாம்” என்றார்.

போனேன். இரண்டு அறைப் பிளட். குசினி மேசையில் இருவரும் இருந்தோம். சுவரில் அண்ணனின் படம். சிக்னல் கம்பத்துக்குக் கீழே கொடியோடு நிற்கிற மெலிந்த ஆள். பக்கத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எது ஏன் இருக்கிறது, எதை எப்படிக் கேட்பார்கள், எந்த விடையைக் கண்டு ஏமாறக்கூடாது. அந்த இடம் வந்ததும் அவர் விரலை வைத்தார்.

“இது பரீட்சையில அமத்திறதுக்கு மட்டும்தானே சேர்? பிறகு வீட்டுக்கு வரமாட்டாங்களே?”

“வரமாட்டாங்கள்.”

“நிச்சயமோ?”

ஓம் என்றேன். சரித்திர வாத்தியார் எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடாத சொல் அது. முடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் எடுத்திருந்தது.

மே கடைசியில் தேறிவிட்டார். ஒன்றும் பிழைக்கவில்லை. ஆனால் தேறிய பிறகு விண்ணப்பம் போகவேண்டும், பதில் வரவேண்டும், நகரசபை நடத்துகிற விழாவில் உறுதிமொழி எடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கடவுச்சீட்டு. ஏப்ரலில் தேறியவர்களை ஜூன் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் வகுப்பில் நாலு பேர் அதில் போனார்கள். திலகவதிக்குச் செப்டம்பர் விழாவுக்குத்தான் கடிதம் வந்தது. அண்ணன் ஓகஸ்டில் போய்விட்டார்.

எனக்குத் திலகவதி அறிவிக்கவில்லை; கந்தையா அங்கிள்தான் சொன்னார். சொல்லிவிட்டு, “மாஸ்டர், அண்டைக்கு நான்தானே அந்தக் கேள்வியைக் கேட்டனான்” என்றார். கேட்பவருக்குக் கேட்க உரிமை உண்டு, நான் விடை சொல்லாமல் விட்டிருக்கவேண்டும் என்றேன். அவர் அதை ஏற்றாரோ தெரியாது. அதற்குப் பிறகு வகுப்பில் அவர் சின்னக் கேள்விகளைக் குறைத்துக்கொண்டார். பரீட்சைக்கு வராத ஒரு மனிதனையும் நான் தோற்கடித்துவிட்டேன்.

செப்டம்பர் விழாவுக்கு ஒருங்கிணைப்பாளரும் நானும் போனோம். சங்கிலி போட்ட மேயர், கொடி, சுவரில் இளம் வயது மகாராணி. திலகவதி சாம்பல் நிறச் சேலை உடுத்தி வந்தார், பூ வைக்கவில்லை. உறுதிமொழியைப் பிழையில்லாமல் சொன்னார். சான்றிதழோடு ஒவ்வொருவருக்கும் இந்த நாட்டு மரக்கன்று ஒன்று சின்னச் சாடியில் கொடுத்தார்கள். பிளட்டில் எங்கே நடுவது என்று அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தேநீர் மேசையடியில் அவர் பக்கத்தில் போனேன். ஆறு கிழமையாக ஒத்திகை பார்த்த மன்னிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. தொடங்கவிடாமல் அவரே பேசினார்.

“அந்த ரயில் கதையை அண்ணைக்குப் போனில சொன்னனான் சேர்.”

“எப்ப?”

“வகுப்பு முடிஞ்ச அண்டைக்கே. பதினாறு வருசம் பிந்தி விட்டவங்கள் எண்டு சொன்னன். எழுத்தில குடுத்தவங்களோ எண்டு கேட்டவர். இல்லை, வாய்ப்பேச்சுத்தான் எண்டன். அப்ப பதினாறு பெரிய பிந்தல் இல்லை, எங்கட லைன் நிண்டு பதினெட்டு வருசம் எண்டு சொல்லிச் சிரிச்சவர். சிரிச்சு இருமல் பிடிச்சிட்டுது. பிறகு ஒவ்வொரு கிழமையும் கேப்பார், மாஸ்டர் வேற என்ன சொன்னவர் எண்டு. உங்கட எல்லாக் கதையும் சொல்லி முடிச்சிட்டன்.”

“கடவுச்சீட்டுக்குப் போட்டாச்சோ?”

“இனிப் போய் என்ன சேர்.”

மரக்கன்றை என் கையில் தந்தார். “உங்களுக்கு வளவு இருக்குதானே” என்றார். ஒருங்கிணைப்பாளர் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டார். நான் சாடியோடு பேருந்தில் வந்தேன்.

அவர் அதை என்னை ஆற்றுவதற்குச் சொன்னாரா, குற்றம் சுமத்தச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இல்லாமல் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பை எடுத்து என் பிழைக்கு மேல் போர்த்திக்கொள்ள எத்தனையோ நாள் முயன்றேன், நீளம் போதவில்லை.

இப்போது கைநூல் மாறுகிறது. புதியதில் சரித்திரத்தைப் பரீட்சைக்கு வராத பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்குரிய தண்டனையை அரசாங்கம் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் அதை விடவேண்டாம். கந்தையா அங்கிள் வந்தால் முன்வரிசையில் இருத்துங்கள், அவர் கேட்காவிட்டாலும் சமஷ்டியைச் சொல்லுங்கள், ரயிலையும் சொல்லுங்கள். ஆனால் முதல் சனிக்கிழமை, கேத்தல் கொதிக்க முன்னம், அந்த ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சலிப்பாக இருக்கிற பக்கம் எதுவோ அதுதான் அது.

என்னிடம் ஆறு சனிக்கிழமை இருந்தது. பன்னிரண்டு நிமிடம்தான் தேவைப்பட்டது. கதைக்கும் அந்தப் பக்கத்துக்கும், இரண்டுக்கும் நேரம் இருந்தது.